கன்னத்திலிருந்து அட்டைக்கு

என் சித்தப்பாவிடம் ஏழு சட்டைகள் இருந்தன. ஏழும் சாம்பல் நிறம். கலர் பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது, போட்டிருக்கும் சட்டையின் நிறம் அதன்மேல் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடுமாம். சித்தி இதை ஒருநாளும் நம்பியதில்லை. "அழுக்கு தெரியாத கலரா பாத்து எடுத்துக்கிட்டாரு. அதுக்கு ஒரு சயின்ஸ்" என்பாள்.

சித்தப்பா ஒரு போட்டோ லேபில் கலர் பிரிண்டர். நெகட்டிவை இருட்டறையில் பெரிதாக்கித் தாளில் ஏற்றுவது அவர் வேலை. சித்தி, அதாவது என் அம்மாவின் தங்கை, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருந்தாள். எனக்கு முதல் வேலை கிடைத்த ஊரில் அவர்கள் இருந்ததால் அவர்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருஷம் தங்கினேன். இந்தக் கதையில் என் பங்கு கடிதம் படித்ததும் கடிதம் எழுதியதும்தான். ஆபீஸ் மொழி அந்த வீட்டில் எனக்கு மட்டுமே ஓடும்.

சித்தப்பா மாலை ஆறரைக்கு வருவார். வாசல்படியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றுவார். அடுத்ததைக் கழற்றுவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமனேயும் தெருவைப் பார்த்தபடி இருப்பார். எதையும் யோசிப்பதாகத் தெரியாது. இருட்டில் எட்டு மணி நேரம் நிற்பவனுக்குத் தெரு வெளிச்சத்தைப் பார்ப்பதே ஒரு வேலை என்று ஒருமுறை சொன்னார். சித்தி உள்ளேயிருந்து கேட்பாள்: "ரெண்டாவது ஷூவுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

வீட்டிலும் அவர் கண் சும்மா இருக்காது. சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குப் பெண் பார்த்துப் படம் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லோரும் பெண்ணைப் பற்றிப் பேச, இவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சை அடிக்குது. அஞ்சு பாயிண்ட் தப்பு" என்றார். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பையனின் அம்மா பயந்துவிட்டாள்.

இவ்வளவு நுணுக்கமான மனுஷன் எப்படி அந்தத் தப்பைச் செய்தார் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் கலர் அனலைசர். டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பெட்டி. முகப்பில் ஒரு முள்ளும் நாலு திருகும் இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் போய்ச் சட்டைப் பொத்தான் அளவு ஒரு கண்ணில் முடியும். இருட்டறையில் நெகட்டிவின் பிம்பம் மேசைமேல் விழும்போது அந்தக் கண்ணைப் பிம்பத்தின் ஓரிடத்தில் வைத்தால், அங்கே விழும் வெளிச்சத்தில் எந்த நிறம் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைச்சல் என்று முள் காட்டும். எதைவிடக் கூடுதல் என்பது மட்டும் முள்ளுக்குத் தெரியாது. "இதான் சரின்னு மொதல்ல நாமதான் அதுக்குச் சொல்லித் தரணும். அப்புறம் அது நாம சொன்னதையே சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கும்" என்பார் சித்தப்பா.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பெட்டி வந்திறங்கிய வாரம், அதற்குச் சொல்லித் தர அவருக்கு ஒரு நல்ல நெகட்டிவ் தேவைப்பட்டது. சித்தியை லேபின் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவர் நிழலில் நிறுத்தினார். நிறம் பார்ப்பதற்கென்றே விற்கும் சாம்பல் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னார்.

"ஜெயில்ல நம்பர் பலகை பிடிச்சிருக்கிறவ மாதிரி இருக்கேன்."

"கொஞ்சம் சிரி."

"கைதி எதுக்குங்க சிரிக்கணும்?"

அந்தப் பாதிச் சிரிப்போடு படம் விழுந்தது. அதை வைத்து இரண்டு நாள், நாற்பது தாள் வீணாக்கினார். கன்னம் கன்னமாகவும், அட்டை எந்த நிறமும் ஏறாத வெறும் சாம்பலாகவும் வந்தபோது நிறுத்தினார். பெரிதாக்கும் கருவியின் நிற ஃபில்டர்களை அப்படியே விட்டு, அனலைசரின் கண்ணைப் பிம்பத்தில் சித்தியின் கன்னத்தின்மேல் வைத்தார். நாலு திருகையும் ஒவ்வொன்றாகத் திருகி முள்ளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். பாடம் முடிந்தது.

அட்டை இருக்கும்போது கன்னம் எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். "லேபுக்கு வர்றவங்க அட்டையையா தூக்கிட்டு வர்றாங்க? மூஞ்சியத்தானே கொண்டு வர்றாங்க" என்றார். சரிதான். அன்றிலிருந்து யாருடைய நெகட்டிவ் வந்தாலும் கண்ணை அவர்கள் கன்னத்தில் வைப்பார், முள் நடுவுக்கு வரும்வரை ஃபில்டர்களைத் திருப்புவார், அந்த எண்களை நோட்டில் எழுதுவார், தாளுக்கு வெளிச்சம் காட்டுவார். வெயிலில் எடுத்தாலும் டியூப் லைட்டில் எடுத்தாலும் முகம் முகமாக வரும். புதுத் தாள் பெட்டி பிரித்தால் மட்டும் பழைய கணக்கு செல்லாது. சித்தியின் நெகட்டிவை மாட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "என் கன்னத்த வெச்சு ஊரே அழகாயிருச்சு, நான் மட்டும் இப்படியே இருக்கேன்" என்று சித்தி சொல்லிச் சிரிப்பாள்.

சித்தியின் வேலை தொட்டி வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் காரநீரில் ஊறவைத்து, பிளீச்சில் போட்டெடுத்து, அலசும் இயந்திரத்துக்குத் தள்ளுவது. கையுறை கொடுப்பார்கள். மூன்றாம் வாரம் அது கிழியும், ஆறாம் வாரம் புதிது வரும். பதினோரு வருஷம் தாங்கிய கை பன்னிரண்டாம் வருஷம் தாங்கவில்லை. விரல் இடுக்குகளில் சிவந்து, வெடித்து, மணிக்கட்டு வரை ஏறியது. நாலு மாசம் மருத்துவ விடுப்பு. அதற்குப் பிறகு மருத்துவக் குழு முடிவு செய்யும்: கை குணமாகிவிட்டதென்றால் தொட்டிக்கே திரும்ப வேண்டும், குணமாகவில்லையென்றால் தண்ணீரே தொடாத மடிப்புப் பிரிவுக்கு மாற்றம். தொட்டிக்குப் போகமாட்டேன் என்றால் வேலை போய்விடும். தொட்டிக்குப் போனால் கை போய்விடும் என்பது சித்தியின் கட்சி.

குழு உட்கார்வது இன்னொரு கட்டடத்தில். அவர்கள் கையை நேரில் பார்ப்பதில்லை. ஊழியர்கள் அத்தனை பேர், அத்தனை புண். மாதாமாதம் ஆஸ்பத்திரி போட்டோக்காரர் ஒரே விளக்கில், ஒரே ஃபிலிமில் படம் எடுப்பார். பிரிண்டுகள் கோப்பில் சேரும். குழு கோப்பைப் பார்க்கும். அந்த பிரிண்டு வேலை சித்தப்பாவின் லேபுக்குத்தான் வந்திருந்தது. முப்பத்தெட்டுப் பேர், எண்கள் மட்டும், பெயர் கிடையாது. முதுகு, கழுத்து, முழங்கை, பாதம். இருபத்தாறாம் எண் கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாதப் படம் போட்ட அன்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

"இன்னிக்கு உன் கை வந்துச்சு லேபுக்கு."

"என்ன சொல்லுச்சு?"

"மருந்து வேலை செய்யுது போலிருக்கு. செவப்பே தெரியல."

"எரியுதுங்க. போன மாசத்தவிட அதிகமா எரியுது."

"எரிச்சல் ஆறறப்போ வர்றது. நான் போட்ட பிரிண்டு, நான் பாத்தேன்."

"அப்போ அந்த பிரிண்டையே பாத்திரம் கழுவச் சொல்லுங்க" என்று சித்தி எழுந்து போனாள்.

மூன்றாம் மாதமும் இதே பேச்சு நடந்தது. அவர் குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. நாள் முழுக்க நிறம் பார்த்துவிட்டு வந்தவர், வீட்டில் இன்னொரு முறை கையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. குண்டு பல்பு வெளிச்சத்தில் எதுவும் சரியாகத் தெரியாது என்பது அவருடைய தொழில் கருத்து. சித்தியும் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நாலாம் மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை கடிதம் வந்தது. நான் உரக்கப் படித்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். படங்களின்படி முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது. குழு வரும் திங்கட்கிழமை இறுதி முடிவெடுக்கும். செவ்வாய்க்கிழமை பழைய பிரிவில் சேரத் தயாராக இருக்கவும். 'திருப்திகரம்' என்ற சொல்லிடம் வந்தபோது வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. இப்போது கூட, அதைவிடச் சரியான சொல் இருந்ததா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ஒருமுறை பார்த்தாள். "யாருக்குடி திருப்தி?" என்றாள் என்னிடம்.

 மறுநாள் காலை வேலைக்குப் போன சித்தப்பா பத்து மணிக்கே திரும்பி வந்தார். கையில் ஒரு உறை. நாலாம் மாதத்து இருபத்தாறாம் எண், கோப்புக்குப் போனது போக மிஞ்சிய ஒரு பிரிண்டு. மனைவி தன்னை நம்பவில்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஜன்னலோரம் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா, நீயே பாரு. நான் பொய் சொல்றேனா?"

சித்தி வாங்கிப் பார்த்தாள். கோப்புக்குப் போகும் பிரிண்டுகளை உறைக்குள் அடங்குவதற்காக ஓரம் வெட்டி, கை மட்டும் தெரியும்படி அனுப்புவார்கள். இது வெட்டாதது. கை, கைக்குக் கீழே விரித்த ஆஸ்பத்திரித் துண்டு, ஓரத்தில் எண் எழுதிய சாம்பல் அட்டைத் துணுக்கு எல்லாம் இருந்தன. சித்தி தன் கையைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தாள்.

"இது எந்த ஆஸ்பத்திரி?"

"உன் ஆஸ்பத்திரிதான்."

"எங்க துணி இப்படி இருக்காது."

"எப்படி?"

"நீலம் அடிக்குது. நாங்க நீலம் போடறதே இல்ல. அத நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு. பிளீச்சுல வெளுத்து அனுப்பினா சுண்ணாம்பு மாதிரி இருக்கும். இந்தக் கலர்ல ஒரு துண்டு வெளிய போயிருந்தா சூப்பர்வைசர் எங்களத் தொங்க விட்டிருப்பாரு."

"ஆஸ்பத்திரி லைட்டு அப்படி இருக்கும்."

"லைட்டு நீலம்னா என் கையும் நீலமா இருக்கணும்ல. கை மட்டும் எப்படிங்க பொம்மைக் கை மாதிரி இருக்கு?"

சித்தப்பா பிரிண்டை வாங்கிக்கொண்டார். ஓரத்து அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்தார், அழுக்குப் போலிருந்தால் போய்விடும் என்பதுபோல. அதுவும் சாம்பலாக இல்லை, பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில் இருந்தது. இதை அவர் முதல் மாதமே பார்த்திருக்கிறார். போட்டோக்காரர் அட்டையை வெயிலில் போட்டு வைத்திருக்கிறார், சாயம் போயிருக்கிறது என்று நினைத்து, வெட்டும் பையனிடம் கொடுத்துவிட்டார். நாலு மாதமும் அப்படித்தான் நினைத்தார்.

ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூ இரண்டும் காலிலேயே இருந்தன. "கையக் காட்டு" என்றார்.

சித்தி நீட்டினாள். பகல் வெளிச்சத்தில், நாலு மாதத்தில் முதல் முறையாகப் பார்த்தார். விரல் இடுக்குகள் பச்சை மாமிசம்போல இருந்தன. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

"கண்ணத் தோல் மேல வெச்சேன்" என்றார். எங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு எங்களுக்கும் சொன்னார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். முகம் வந்தால் கன்னத்தில் வைப்பதுபோல், கை வந்தபோது கையில் வைத்திருக்கிறார், முதுகு வந்தபோது முதுகில். முள்ளுக்குத் தெரிந்த 'சரி' சித்தியின் கன்னம் ஒன்றுதான். அது எந்தத் தோலைக் கொடுத்தாலும் அந்தக் கன்னத்தின் நிறத்துக்கு இழுத்துவிடும். சிவந்த தோலில் சிவப்பை எடுத்துவிட்டது. எடுத்த சிவப்பு துண்டிலும் அட்டையிலும் குறைந்துபோய், அவை நீலமும் பச்சையுமாக நின்றன. புண்ணை யாரும் ஆற்றவில்லை. அனலைசர் ஆற்றியிருக்கிறது. முப்பத்தெட்டுப் பேருக்கும்.

"என் கன்னத்து கலர என் கைக்கே பூசிட்டீங்களா?" என்றாள் சித்தி. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், பாதியில் நின்றுவிட்டது.

சித்தப்பா லேபுக்குத் திரும்பினார். அன்று காலை அரை நாள் விடுப்பில் வீட்டிலிருந்த நானும் கூடப் போனேன். அவர் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது வண்டி பார்க்காமல் நடந்தார். லேபில் எண்கள் எழுதும் நோட்டை எடுத்து இருபத்தாறைத் தேடினார். ஆஸ்பத்திரி வேலைக்கென்று ஒரே தயாரிப்பு எண் போட்ட தாளாகச் சேர்த்து வாங்கியிருந்ததால் மாதத்துக்கு மாதம் கணக்கு மாறியிருக்க வழியில்லை. மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பு ஃபில்டர் முதல் மாதம் நாற்பத்திரண்டு. அடுத்தது நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்து. அறுபத்திமூன்று.

"இது என்ன சித்தப்பா?"

"நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். பிரிண்டுல சிவப்பு அதிகமா இருந்தா, அதக் கொறைக்க மெஜந்தாவ ஏத்தணும். மாசாமாசம் ஏத்திக்கிட்டே வந்திருக்கேன்." நோட்டை மூடினார். "அது அளந்துதாம்மா சொல்லியிருக்கு. நான்தான் எழுதிட்டு, திருப்பிப் பாக்கல."

அந்த நோட்டில் எல்லோரும் இருந்தார்கள். பதினேழாம் எண் முதுகுக்கு மெஜந்தா குறைந்துகொண்டே வந்திருந்தது. அந்த ஆளுக்கு நிஜமாகவே குணம். ஏழாம் எண்ணுக்கு ஏறியிருந்தது. ஏழாம் எண்ணைப் போன வாரமே குழு வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. உறையில் 'முடிந்தது' என்று முத்திரை இருந்தது. அந்த எண்ணின்மேல் சித்தப்பாவின் விரல் வெகுநேரம் இருந்தது.

முதலாளி, சித்தப்பாவைவிடப் பதினைந்து வயது சின்னவர், அப்பாவுக்குப் பின் லேபை ஏற்று நடத்துபவர். கெட்டவர் இல்லை. சித்தப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க வீட்டம்மா கைய மட்டும் மாத்திப் போட்டுக் குடுத்துருங்க. மிச்சத்த அடுத்த மாசத்துலேர்ந்து சரி பண்ணிக்கலாம்."

"அவ கை மட்டும் திடீர்னு செவந்தா, பிரிண்டு போட்டவன் யாருன்னு கேப்பாங்க தம்பி. புருஷன்னு தெரியும். அப்புறம் கையையே நம்ப மாட்டாங்க."

"எல்லாத்தையும் மாத்தினா நாலு மாசமும் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆகுமே. அந்த வேலை நமக்கு மறுபடி வருமா?"

"வராது."

"வராதுன்னு இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க."

"களைச்சுப் போயிருக்கேன் தம்பி. இல்லன்னா சத்தமா சொல்லியிருப்பேன்."

முதலாளி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "அப்பா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு?" என்றார்.

"என்னைத் திட்டியிருப்பாரு."

"அப்புறம்?"

"சாவியக் குடுத்திருப்பாரு."

சாவி கிடைத்தது. சனி, ஞாயிறு லேப் மூடியிருக்கும். நூற்றைம்பத்திரண்டு பிரிண்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் முதலில் செய்தது பழைய வேலைதான். சித்தியின் நெகட்டிவை மாட்டினார். கன்னமும் அட்டையும் சரியாக வரும்வரை சோதனைத் துண்டுகள் போட்டார். ஃபில்டர்களை அப்படியே விட்டார். பிறகு அனலைசரின் கண்ணைக் கன்னத்திலிருந்து தூக்கி, அவள் கையில் பிடித்திருந்த அட்டையின்மேல் வைத்தார். பிம்பத்தில் நாலு விரல் தூரம் இருக்கும். திருகுகளைத் திருகினார். இந்த முறை முள் கற்றுக்கொண்டது வெறும் சாம்பல். அதற்குத் தோலைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. பிறகு ஆஸ்பத்திரிப் படம் ஒவ்வொன்றிலும் கண்ணைத் தோலில் வைக்காமல், ஓரத்து அட்டைத் துணுக்கின்மேல் வைத்தார்.

ஞாயிறு மதியம் சித்தியும் நானும் சாப்பாடு எடுத்துப்போனோம். இருட்டறைக்கு முன்னால் கறுப்புத் திரை, அதற்குப் பின்னால் கதவு. உள்ளே அவர் மெதுவாக விசிலடிப்பது கேட்டது. உள்ளே ஆள் இருக்கிறது, திறக்காதே என்பதற்கு அடையாளமாக லேபில் எல்லோரும் விசிலடிப்பார்கள். அவருடையதில் ராகம் கிடையாது, ஒரே சுருதிதான்.

"ஏங்க."

"திறக்காத."

"திறக்கல. சாப்பாடு கொண்டாந்திருக்கோம்."

"வெச்சுட்டு இரு. இன்னும் பதினாறு இருக்கு."

சித்தி கதவோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

"என் கை வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எப்படி இருக்கு?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மோசமா இருக்கு" என்றார்.

"அப்பாடா" என்றாள் சித்தி. சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வெளியே வருவதற்குள் தூங்கிப்போயிருந்தாள். அவர் எழுப்பவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார்.

கடிதத்தை நான் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டிருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னபோது சித்தப்பா கூடாது என்று தலையாட்டினார். "கோளாறு ஒண்ணும் இல்ல. மெஷின் சரியா அளந்துச்சு. கண்ண வெச்ச எடம் தப்பு, வெச்சது நான். அப்படியே எழுது." ஆபீஸ் மொழியில் அப்படி எழுத வழக்கமே இல்லை என்றேன். "வழக்கம் இல்லன்னா புதுசா இருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை சித்தப்பாவும் நானும் மருத்துவக் குழு அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா பழைய பிரிண்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொதல்ல குடுத்தது நல்லா இருந்துச்சே. இது ஏன் இப்படி?"

"இதான் சார் நெசம்."

"அப்போ அது?"

"அது அழகு."

குமாஸ்தாவுக்கு இது பதிலாகப் படவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார். பதினொன்றரை மணிக்குத் தலைமை மருத்துவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த ஒரு அம்மாள், கூப்பிட்டார். சித்தப்பா பேச்சில் தேர்ந்தவர் இல்லை. வெட்டாத பிரிண்டுகளைப் பரப்பினார்.

"கைய விடுங்கம்மா. கீழ இருக்கிற துண்டப் பாருங்க. ஓரத்துல அட்டையப் பாருங்க. துண்டு வெள்ளையா இருந்தா, அட்டை சாம்பலா இருந்தா, கையும் நெசம். பழசுல பாருங்க, துண்டு நீலம்."

"நாலு மாசமா உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல. என் வீட்டுக்காரிதான் சொன்னா. அவ சலவைக்கூடம். இருபத்தாறாம் நம்பர்."

சொல்லிவிட்டார்.  அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தோன்றியது. மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார், பிறகு இருபத்தாறை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மற்ற முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோட்டைக் கேட்டு வாங்கினார். பதினேழைக் கண்டுபிடித்து, எண்கள் குறைந்து வருவதைப் பேனாவால் தொட்டார். ஏழில் நின்றார்.

"இவரத் திருப்பி அனுப்பிட்டோம்."

"தெரியும்மா."

"எல்லாரையும் நேர்ல வரச் சொல்லணும்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். பிறகு சித்தப்பாவிடம், "இருபத்தாற இன்னிக்கே வரச் சொல்லுங்க. பிரிண்டு வேண்டாம். கையோட வரட்டும்."

சித்தி அன்று மூன்று மணிக்குக் கையோடு போனாள். அந்த அம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை தருகிறார்கள் என்று மட்டும் கேட்டார் என்று வந்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை தொட்டிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மடிப்புப் பிரிவு, உடனடியாக. நான் படித்ததும், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவையும் அதேதான் இருந்தது.

அதே வாரம் லேபுக்கும் ஒரு கடிதம் வந்தது. பிரிண்டு வேலை வேறிடத்துக்குப் போகிறது, இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி. முதலாளி அதைச் சித்தப்பாவிடம் நீட்டி, "நன்றி சொல்லியிருக்காங்கண்ணே, ஃபிரேம் போட்டு மாட்டிரலாம்" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

ஏழாம் எண் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவர் என்று சித்தி விசாரித்து வந்து சொன்னாள். அவரை மறுபடி விடுப்பில் அனுப்பியிருந்தார்கள். முழங்கை வரை ஏறிவிட்டதாம். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டோம். "டீ குடுத்தாரு" என்றார். 

அடுத்த தாள் பெட்டி வந்தபோது சித்தியின் நெகட்டிவை மாட்டி, அனலைசரின் கண்ணை மறுபடி கன்னத்துக்கே கொண்டுபோய்விட்டார். முகத்துக்குக் கன்னம்தான் சரி, அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'புண் என்றால் அட்டை.'

அன்று மாலையும் வாசல்படியில் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். சித்தி வேலையிலிருந்து வந்து, அவரைத் தாண்ட இடமில்லாமல் படியிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் கையை எடுத்து, தெரு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கினார்.

"மெஜந்தா நாப்பத்தஞ்சு இருக்கும்" என்றார்.

"நம்பர் வேண்டாம். கேளுங்க."

"எரியுதா?"

"எரியுது. முன்ன மாதிரி இல்ல."

"சரி" என்றார். கையைத் தன் முழங்கால்மேல் அப்படியே வைத்துக்கொண்டு, குனிந்து இரண்டாவது ஷூவின் கயிற்றை ஒற்றைக் கையால் அவிழ்க்க ஆரம்பித்தார்.